பதினேழு வருகிறாள்

சீங்கப்பள்ளம்,
14.6.2024, வெள்ளி.

அன்புள்ள மெர்சிக்கு,

அண்ணன் டேவிட்சன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஜெபராணியும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது கிடக்கட்டும். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்துதான் என்ன செய்யும், பாவம்.

நாம் கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்று. இந்த ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். அங்கே நின்று உன்னோடு பேசினால் ஆடு மேய்க்கிறவர்கள் வரைக்கும் நம் குடும்பக் கதை தெரிந்துபோகும். நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையே இப்போது ஒரு வழி செய்து கொடுத்துவிட்டது. எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் லேப்டாப் திறந்தது என்ற விவரத்தை வாரா வாரம் பென் டிரைவில் போட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். கவர் பாதி காலியாகப் போவானேன் என்று இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்கிறேன். "காந்திபுரத்துல டைம் கீப்பர்கிட்டக் குடுத்துப்போடறனுங்க சார், தங்கச்சிய வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்கிறார் கண்டக்டர் கருப்புசாமி.

என் எட்டாம் வகுப்பில் இருபத்து நாலு பிள்ளைகள். நீங்கள் அனுப்பியதும் இருபத்து நாலு லேப்டாப். விலை குறைந்தது என்று பார்த்தாலே தெரிகிறது. மூடியைத் திறந்தால் டிபன் பாக்ஸ் மாதிரிச் சத்தம். ஆனால் பிள்ளைகள் அதைத் தொடுகிறதைப் பார்க்க வேண்டுமே. வகுப்பில் பிளக் இரண்டுதான். முறை வைத்துச் சார்ஜ் போடுகிறோம். பதினேழாம் எண் வாங்கிய கயல்விழி, "சார், சனி ஞாயிறு ரெண்டு நாளும் இதுக்குப் பசிக்காதுங்களா?" என்று கேட்டாள். வெள்ளையாக இருப்பதால் வெள்ளச்சி என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டாள். அவள் அப்பன் ஆறுச்சாமியும் ஆத்தா கருப்பாத்தாளும் கறிவேப்பிலைத் தோட்டத்தில் கூலி. காலையில் இவளும் கட்டுக் கட்டிவிட்டுத்தான் வருவாள். அவள் தொட்ட லேப்டாப் கறிவேப்பிலையாக மணக்கிறது. அது உங்கள் பென் டிரைவில் வருமா?

பதில் போடு.

அன்புடன்,
டேவிட்சன்.


காந்திபுரம்,
17.6.2024, திங்கள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

மெர்சி ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. நான் சுகம். கழுத்து அப்படியேதான் இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் போதாது, காரமடை போய் டாக்டரைப் பாருங்கள். நீங்கள் போக மாட்டீர்கள் என்று தெரியும், சொல்ல வேண்டியது என் கடமை.

மணம் பென் டிரைவில் வராது. நேரம் வரும், செய்த பாடம் வரும், சரி தப்பு வரும். என் திரையில் உங்கள் பள்ளிக்கூடம் இருபத்து நாலு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளை. இரண்டு விதி இருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரு மாதம் சும்மா கிடக்கும் லேப்டாப்பை எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, பள்ளி நடக்கும் பத்து நாள் சேர்ந்தாற்போல ஒரு பிள்ளை திறக்கவில்லை என்றால், பேர் சிவப்பாகிவிடும். அந்தப் பேர், பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடும் அதிகாரிகளுக்குப் போகும். அவர்கள் வீடு தேடி வருவார்கள்.

இதை முதல் நாள் படித்தபோது எனக்கு ஞானாபரணம் டீச்சர் ஞாபகம்தான் வந்தது. நான் எட்டாம் வகுப்பில் நூல் மில்லுக்குப் போனபோது, பதினோரு நாள் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டுவிட்டு, பன்னிரண்டாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு மில் கேட்டில் வந்து நின்றார்களே. "இது எம்படப் புள்ள, அனுப்புங்க" என்று வாட்ச்மேனிடம் சண்டை போட்டார்களே. அந்தப் பதினோரு ஆப்சென்ட் இல்லையென்றால் நான் இன்றைக்கு இந்த நாற்காலியில் இல்லை. அதனால் நான் இந்த வேலையை வெறும் கம்ப்யூட்டர் வேலை என்று நினைக்கவில்லை.

வெள்ளச்சிக்கு சனி ஞாயிறு பசிக்காது என்று கயல்விழியிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெர்சி.


சீங்கப்பள்ளம்,
12.7.2024, வெள்ளி.

அன்புள்ள மெர்சிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். டாக்டரிடம் போகவில்லை, திட்டாதே.

பிள்ளைகள் என்னை மிஞ்சிவிட்டார்கள். எதையோ அழுத்தித் திரை கறுப்பாகிவிட்டால் நான் அவர்களைத்தான் கூப்பிடுகிறேன். கயல்விழிக்கு இங்கிலீஷ் இன்னும் தகராறுதான். ஸ்கூல் என்பதற்கு நாலு விதமாக எழுத்துப் போடுகிறாள். ஆனால் பின்னக் கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை. எப்படி என்று கேட்டேன். "ஒரு கட்டை நாலாப் பிரிக்கறது, எட்டாப் பிரிக்கறதுதானுங்களே சார், தெனமும் காலையில அதத்தானுங்க பண்ணறேன்" என்றாள். இருபது வருஷம் பின்னம் நடத்தியிருக்கிறேன், கறிவேப்பிலைக் கட்டு என் மண்டையில் உதிக்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்காருகிறவள் தேஜஸ்ரீ, அதாவது பதினெட்டாம் எண். அவளுக்கு இங்கிலீஷ் வரும், பின்னம் சுத்தமாக வராது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டுச் செய்கின்றன. மணி அடித்தாலும் எழுந்து போவதில்லை. நான்தான் விரட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணி உனக்கு முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறாள். கவர் மணத்தால் அதுதான் காரணம்.

அன்புடன்,
டேவிட்சன்.


காந்திபுரம்,
29.7.2024, திங்கள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். பொடி நன்றாக இருந்தது. ஆபீஸில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போட்டார்கள், எனக்கு மிஞ்சியது டப்பா.

ஒரு நல்ல சேதி. நாங்கள் பார்க்கும் முப்பத்தொரு பள்ளிகளில் சீங்கப்பள்ளம்தான் இந்த மாதம் முதலிடம். எங்கள் மேலாளர் சசிதர் சார் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். பதினேழாம் வரியில் விரலை வைத்து, "யாருங்க இந்தப் புள்ள?" என்றார். நான் வெள்ளச்சி கதையைச் சொன்னேன். நானே பெற்ற பிள்ளை மாதிரிப் பேசினேனாம், பக்கத்து சீட்டுக்காரி கிண்டல் செய்தாள்.

கயல்விழியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் எந்தக் கணக்கில் தடுமாறுவாள், எந்தக் கணக்கைப் பார்த்ததும் பாய்வாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வாரேன்.

இப்படிக்கு,
மெர்சி.


சீங்கப்பள்ளம்,
16.8.2024, வெள்ளி.

அன்புள்ள மெர்சிக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

நேற்றுக் கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தோம். மழை இல்லை. ஜூலைக் கடைசியில் ஆறுச்சாமி பாக்கு மரத்திலிருந்து விழுந்துவிட்டான். இடுப்பு எலும்பு. படுத்த படுக்கைதான். ஊரில் எல்லோருக்கும் வருத்தம்.

லேப்டாப் எல்லாம் ஓடுகிறது. ஒன்று கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஒரு மாதம் என்று சொன்னாயே, அது முப்பது நாளா, பள்ளி நாள் மட்டுமா? நடுவில் ஒரு நாள் திறந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்களா?

அன்புடன்,
டேவிட்சன்.


காந்திபுரம்,
2.9.2024, திங்கள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். இரண்டு வாரமாகக் கவரில் பென் டிரைவ் மட்டும் வருகிறது, கடிதம் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நீங்கள் கேட்டது: ஒரு நாள் திறந்தாலும் முதலிலிருந்துதான் எண்ணுவார்கள்.

அண்ணா, பதினேழாம் வரியை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் திறந்திருக்கிறது. நேரமும் குறையவில்லை. ஆனால் ஸ்கூலுக்கு இப்போது எழுத்துச் சரியாக வருகிறது. பின்னம் பத்துக்கு எட்டு தப்பு. ஒரு மாதத்தில் ஒரு பிள்ளை இப்படி அடியோடு மாறுமா?

ஆறுச்சாமி விழுந்துவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். நம் அப்பா கிணற்று மேட்டில் விழுந்து படுத்த வருஷம்தான் அம்மா என்னை மில்லுக்கு அனுப்பினாள். அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கயல்விழி பள்ளிக்கூடம் வருகிறாளா? நான் இதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மெர்சி.


சீங்கப்பள்ளம்,
20.9.2024, வெள்ளி.

அன்புள்ள மெர்சிக்கு,

நானும் அண்ணியும் சுகம். முழங்காலுக்கு ஒருவழியாக டாக்டரிடம் போய் வந்தேன். எக்ஸ்ரே எடுத்தார். தேய்மானமாம். படி ஏறாதே என்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாசலிலேயே ஒன்பது படி. தலைமையாசிரியை அம்மா ஒரு கைப்பிடி வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலாண்டுத் தேர்வு நடக்கிறது. அண்ணி புதிதாக ஒரு கோழி வாங்கியிருக்கிறாள், அது இன்னும் முட்டை வைக்கவில்லை. நேற்று நல்ல மழை.

பதினேழைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது நன்றாக ஓடுகிறது. பேட்டரிகூட இறங்கவில்லை.

அன்புடன்,
டேவிட்சன்.


காந்திபுரம்,
30.9.2024, திங்கள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்.

நான் பிள்ளையைக் கேட்டேன், நீங்கள் பேட்டரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரி. இனிமேல் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் நம்பருக்கு ஒரு போன் வந்தது. குழந்தைகளைத் தேடும் அதிகாரி ஒரு அம்மா. எங்கிருந்தோ வெளியில் நின்று பேசினார், பின்னால் ஒரே இரைச்சல். "சீங்கப்பள்ளம், ஆறுச்சாமி மக கயல்விழி, ஸ்கூலுக்கு வந்துட்டிருக்குதுங்களா?" என்று அவசரமாகக் கேட்டார். பொய்க் கணக்கு அனுப்பியதாக யாரோ உங்கள் மேல் மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன். முந்தின வாரம் ஐந்து நாளும் பச்சையாக இருந்தது. "வருதுங்க மேடம், பதினேழாம் நம்பர், தெனமும் வருதுங்க" என்று சொல்லிவிட்டேன். சரிங்க என்று வைத்துவிட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, திரையில் இருந்ததைச் சொன்னேன். ஆறு நாளாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்காக இதைச் செய்துவிட்டேன். நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். லீவில் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். முழங்கால் வலித்தாலும் போங்கள்.

இப்படிக்கு,
மெர்சி.


சீங்கப்பள்ளம்,
25.10.2024.

மெர்சி,

கயல்விழி செத்துப்போய்விட்டாள். போன வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் மில் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

திருப்பூர் போகிற ரோட்டில் எங்கேயோ ஒரு நூல் மில். அங்கேயே விடுதி. ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள். காய்ச்சல் வந்து ஐந்து நாள் மாத்திரை கொடுத்தே படுக்க வைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. நான் போனபோது கருப்பாத்தாள் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். யார் என்ன சொல்லியும் நிறுத்தவில்லை. ஆறுச்சாமியைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்திருந்தார்கள்.

உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அவள் லேப்டாப்பைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பனுக்கு நல்லாவற வரைக்கும் வர முடியாதுங்க சார். வெள்ளச்சிய வேற யாருக்கும் குடுத்துப்போடாதீங்க. நான் வந்துருவேன்" என்றாள். கொடுக்க மாட்டேன் கண்ணு என்று சொன்னேன். அப்பனுக்குத் துணையாக வீட்டில் இருக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். உன் இரண்டு விதியில் எனக்கு முதல் விதி மட்டும்தான் மண்டையில் நின்றது. லேப்டாப் போய்விடக்கூடாது. ஒன்றாம் தேதி காலையில் தேஜஸ்ரீயைக் கூப்பிட்டு, உன்னுடையதை முடித்துவிட்டுக் கயலுடையதையும் திறந்து பாடம் செய் என்றேன். அது சிநேகிதிக்குச் செய்கிற உதவி என்று ஓடியோடிச் செய்தது. திரையில் வருகிறதே என்று வருகைப் பதிவேட்டிலும் அப்படியே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் கருப்பாத்தாளைத் தோட்டத்தில் பார்த்தேன். பிள்ளை எங்கே என்றேன். "சித்தி ஊட்டுல இருக்குதுங்க சார்" என்று கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன் மெர்சி. கவனித்துவிட்டுத்தான் வந்தேன். உன் கடிதம் வந்தபோது எனக்குப் பாதி தெரியும். நீ, "போய்ப் பாருங்கள்" என்று எழுதியபின், லீவில் போகலாம் என்றிருந்தேன். முழங்கால் வலி என்று இருந்துவிட்டேன். ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் எல்லா லேப்டாப்புக்கும் பொட்டு வைத்தார்கள். தேஜஸ்ரீ பதினேழுக்கும் வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் என் மேசைக்கு வந்து, "சார், இன்னைக்கும் கயலோடதத் தொறக்கட்டுங்களா?" என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

லேப்டாப்பைக் காப்பாற்றிவிட்டேன். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

டேவிட்சன்.


காந்திபுரம்,
18.11.2024.

அண்ணா,

மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்த அதிகாரி அம்மாவைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரியவில்லை. கயல்விழி பேரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி அந்த மில்லுக்குப் போயிருக்கிறார்கள். கையில் சிவப்புப் பேர் பட்டியல். அதிலிருந்த ஆறு பிள்ளைகளைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். விடுதி வாசலில் ஏழாவதாக ஒரு பிள்ளை நின்றிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேர் கேட்டேனுங்க, சொல்லுச்சு. அப்பன் பேர், ஊர் கேட்டேன், சொல்லுச்சு. வார்டன் குறுக்க வந்து, அக்காளப் பாக்க வந்த புள்ள, ஊர்ல படிக்குதுன்னா. ஏங்கண்ணு, படிக்கறயான்னேன். தலைய ஆட்டுச்சு. வார்டன் மூஞ்சியப் பாத்துட்டே ஆட்டுச்சுங்க. எனக்கு மனசு ஒப்பல. எங்க பட்டியல்ல அது பேர் இல்ல. அதனாலதான் கேட்டுக்கு வெளிய வந்து உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க தெனமும் வருதுன்னீங்க."

அண்ணா, இரைச்சல் என்று எழுதியிருந்தேனே, அது மில் ஓடுகிற இரைச்சல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பதினோரு நாள் அதற்குள் நின்றவள் நான். நான் வாயைத் திறந்து "தெரியலீங்க மேடம், எனக்குச் சந்தேகமா இருக்குது" என்று ஐந்து வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜீப்பில் ஏறியிருப்பாள். ஆறு பேர் ஏறினார்கள். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உங்கள் தேஜஸ்ரீயின் மேலோ உங்கள் மேலோ பழியைப் போட என்னால் முடியாது. பின்னத்தில் எட்டு தப்பு என்று நான்தான் பார்த்தேன். அந்தப் போன் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பார்த்தேன். அண்ணன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மூடி வைத்தேன். எனக்காகக் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்ற ஞானாபரணம் டீச்சர் உயிரோடு இருந்தால் இன்றைக்கு என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சசிதர் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போதைக்கு என்னைத் திரை முன்னால் உட்கார வைக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகிறேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கருப்பாத்தாளுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். போனில் வருகிறாள் என்று சொன்னது என் தங்கைதான் என்று சொல்லிவிடுங்கள். நான் வந்து சொல்ல வேண்டும். கால் வரவில்லை.

மெர்சி.


சீங்கப்பள்ளம்,
6.12.2024, வெள்ளி.

அன்புள்ள மெர்சிக்கு,

இங்கே அண்ணி சுகம். நான் இருக்கிறேன்.

தலைமையாசிரியை அம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், போவேன். நடுவில் இரண்டு நாள் தேஜஸ்ரீ வரவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் நடந்தே அவள் வீட்டுக்குப் போனேன். போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். "நாந்தானுங்களே சார் தொறந்தேன்" என்றாள். இல்லை கண்ணு, சொன்னது நான், தப்பு என்னுடையது என்று அவள் அம்மா எதிரிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பழைய இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள்.

போன வாரம் கருப்பாத்தாள் வீட்டுக்குப் போய், என் காரியத்தையும் உன் காரியத்தையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நாந்தானுங்க சார் அனுப்புனேன்" என்றாள். நேற்று மத்தியானம் அவளாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளச்சியைப் பார்க்க வேண்டும் என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தொட்டாள். "இதுல எங்க புள்ள செஞ்சது எதுங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஜூலை முப்பத்தொன்றைத் திறந்து காட்டினேன். பத்துப் பின்னக் கணக்கு. ஏழு போட்டிருக்கிறாள், ஏழும் சரி. மூன்று பாக்கி. இதுதான் கடைசி என்றேன்.

"அதுக்கப்புறமும் அவ வந்துட்டிருந்ததா இதுல எழுதியிருக்குதுங்களா?"

"எழுதியிருக்குதுங்க. பொய்யா எழுதியிருக்குது. எல்லாத்தையும் மாத்திப்போடறனுங்க."

"மாத்தாதீங்க சார்" என்றாள். "அதுக்குள்ளயாவது அவ பள்ளிக்கூடம் வந்துட்டிருக்கட்டுமுங்க."

மெர்சி, அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடக்கூடாது என்றும் தெரிந்தது. உன் கதையைச் சொன்னேன். எங்கள் அப்பா படுத்தபோது உன்னை மில்லுக்கு அனுப்பியதை, ஆப்சென்ட்டைப் பார்த்து டீச்சர் தேடி வந்ததை, வரவில்லை என்று எழுதியிருந்ததால்தான் நீ திரும்பி வந்ததை எல்லாம் சொன்னேன்.

"எத்தன நாளுல தேடி வந்தாங்க?"

"பதினோரு நாளுங்க."

"எங்க புள்ளைக்கு எத்தன நாளாச்சுங்க?"

"பள்ளிக்கூடம் நடந்த நாளு நாப்பத்தெட்டுங்க."

விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கையும் மடங்கியதும் நிறுத்திவிட்டாள். "சரிங்க சார்" என்றாள். "மாத்திப்போடுங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பதிவேட்டை எடுத்து, ஆகஸ்ட் ஒன்றிலிருந்து அக்டோபர் பதினெட்டு வரைக்கும் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் நாற்பத்தெட்டு ஆப்சென்ட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். இந்த வாரப் பென் டிரைவில் பதினேழுக்கு நேராகச் சைபர் என்று இருக்கும். உன் இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அப்படியே ஏற்றிக்கொள்ளச் சொல்லு. லேப்டாப்பைத் திருப்பி எடுத்துப் போக வேண்டுமானால் போகட்டும்.

கருப்பாத்தாள் எழுந்து போகும்போது வாசல் படியில் நின்று திரும்பி, "ஏனுங்க சார், உங்க தங்கச்சி இப்ப நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். போனில் சொன்னது நீதான் என்று தெரிந்தபிறகு கேட்கிறாள். நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை நான் பொய் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். சுகமா இருக்கிறாயா கண்ணு, எழுது.

அன்புடன்,
அண்ணன் டேவிட்சன்.